44 லட்சம் கோடி காஸ்

இந்த அத்தியாயத்தின் தலைப்பில் இருக்கும் எண்ணை எந்தக் கருவியும் அளந்து சொல்லவில்லை. எலெக்ட்ரானின் நிறை, அதன் மின்னூட்டம், ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காந்தப்புலத்தின் அலகு வரும்படி பெருக்கி வகுத்தால் இந்த எண் வந்து நிற்கும். இன்னும் சரியாகச் சொன்னால் 44.14 லட்சம் கோடி காஸ். டெஸ்லா கணக்கில் 441 கோடி. இயற்பியலாளர்கள் இதை மாறுநிலைப் புலம் என்பார்கள். ஷ்விங்கர் புலம் என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது. ஜூலியன் ஷ்விங்கர் இதைப் பற்றி எழுதியது 1951-ல். ஃபிரிட்ஸ் ஸாவ்ட்டர் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இதற்கு இணையான மின்புலத்தைக் கணக்கிட்டுவிட்டார். பெயர் யாருக்குப் போய்ச் சேரும் என்பதில் இயற்பியலும் மற்ற துறைகளைப் போலத்தான்.

இந்த எண் எவ்வளவு பெரியது? பூமியின் காந்தப்புலம் நம் ஊர்ப் பக்கம் அரை காஸ்கூட இல்லை. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உங்களைச் சுற்றி இருப்பது 15,000 காஸ், அதாவது 1.5 டெஸ்லா. அமெரிக்காவின் டாலஹாசியில் உள்ள தேசியக் காந்த ஆய்வுக்கூடத்தில் தொடர்ச்சியாக 45 டெஸ்லா தரும் ராட்சதக் காந்தம் ஒன்று இருக்கிறது. அதையும் வெகுவாகத் தாண்டிப் போனால் காந்தமே தாங்காது. புலம் தரும் அழுத்தத்தில் கம்பிச் சுருள் வெடித்துவிடும்.

வெடித்தால் வெடிக்கட்டும் என்று இறங்கியவர்களும் உண்டு. 2018-ல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு செப்பு வளையத்தைப் பெரும் மின்னோட்டத்தால் உள்நோக்கி நொறுங்கச் செய்து, அதற்குள் சிக்கிய காந்தப்புலத்தை நசுக்கினார்கள். 1,200 டெஸ்லா கிடைத்தது. நீடித்ததோ மைக்ரோ நொடிக் கணக்கில்தான். எதிர்பார்த்ததைவிடப் புலம் எகிறியதால், கருவியைச் சுற்றிப் போட்டிருந்த காப்புக் கூண்டின் இரும்புக் கதவு வெடிப்பில் பிய்த்துக்கொண்டு திறந்தது. ரஷ்யாவின் சாரோவ் நகரில் வெடிமருந்து வைத்து 2,800 டெஸ்லா வரை போயிருக்கிறார்கள். நம் தலைப்பு எண் அதைப்போல 15 லட்சம் மடங்குக்கும் மேல்.

இன்னொரு விதமாகவும் இதைச் சொல்லலாம். காந்தப்புலத்தில் ஆற்றல் இருக்கிறது. ஆற்றலுக்கு நிறை உண்டு. மாறுநிலைப் புலம் நிரம்பிய ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் அணு ஒன்றுகூட இல்லாவிட்டாலும், அங்குள்ள புலத்தின் ஆற்றல் மட்டும் ஏறத்தாழ 86 கிலோ நிறைக்குச் சமம்.

சரி, இந்த எல்லையில் அப்படி என்னதான் நடக்கிறது? அதைப் புரிந்துகொள்ள ஒற்றை எலெக்ட்ரானிடம் போக வேண்டும்.

மின்னூட்டம் உள்ள துகள் காந்தப்புலத்துக்குள் வந்தால் வட்டமடிக்கும். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். பழைய இயற்பியலில் அந்த வட்டம் எந்த அளவிலும் இருக்கலாம், துகளின் ஆற்றலும் அப்படியே. 1930-ல் 22 வயது லெவ் லாண்டாவ் குவாண்டம் விதிகளைக் கொண்டு இதே கணக்கைப் போட்டார். வட்டச் சுழற்சியின் ஆற்றல் தொடர்ச்சியாக இல்லை, குறிப்பிட்ட சில மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும் என்று விடை வந்தது. அவற்றுக்கு இன்று லாண்டாவ் மட்டங்கள் என்று பெயர். புலம் வலுக்க வலுக்க மட்டங்களுக்கு இடையிலான தூரம் அதிகமாகும். கட்டுப்பாடு புலத்துக்குக் குறுக்கே மட்டும்தான். புலக்கோட்டின் திசையில் எலெக்ட்ரான் இஷ்டம்போல ஓடலாம், கம்பியில் கோத்த மணியைப் போல. இந்தக் கம்பியையும் மணியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரான் விண்மீனுக்குப் போகும்போது தேவைப்படும்.

எம்.ஆர்.ஐ. அறையில் இந்த மட்டங்கள் ஏன் தெரிவதில்லை? 1.5 டெஸ்லாவில் இரண்டு மட்டங்களுக்கு இடைவெளி, அறை வெப்பத்தின் சராசரி அசைவு ஆற்றலில் 150-ல் ஒரு பங்குதான். அந்த இரைச்சலில் மட்டமாவது, படியாவது. இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் குளிர வைக்க வேண்டும், அதுவும் கடுமையாக.

ஜெரால்ட் கேப்ரியல்ஸ் அதைச் செய்தார். ஹார்வர்டில் அவரும் ஸ்டீவ் பீலும் 1999-ல் வெளியிட்ட பரிசோதனை, இந்தத் துறையின் அழகான வேலைகளில் ஒன்று என்பது என் கருத்து. ஐந்து டெஸ்லாவை ஒட்டிய புலம். பென்னிங் பொறி எனப்படும் சிறிய உலோக உருளைக்குள் ஒரே ஒரு எலெக்ட்ரான். பொறியைச் சுற்றிலும் 0.08 கெல்வின் குளிர், அதாவது தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குளிரில் எலெக்ட்ரான் கீழ் மட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து சரியான அதிர்வெண்ணில் நுண்ணலை ஃபோட்டான் ஒன்றை அனுப்பினால் மட்டும் ஒரு மட்டம் மேலே தாவுகிறது, சில நொடிகள் அங்கே இருக்கிறது, பிறகு கீழே விழுகிறது. பொறியை 4 கெல்வின் அளவுக்குச் சூடாக விட்டால், சுவர்களிலிருந்து வரும் வெப்ப ஃபோட்டான்களே அதை மேலும் கீழும் தாவ வைக்கின்றன. பதிவுத் தாளில் சமதளக் கோடு, திடீரென ஒரு செங்குத்து ஏற்றம், மறுபடி சமதளம். லாண்டாவ் தாளில் எழுதிய மட்டங்களை ஒரே ஒரு எலெக்ட்ரான் ஏறி இறங்கிக் காட்டியது.

இந்தப் பொறிக்கு இன்னொரு பயனும் உண்டு. எலெக்ட்ரானே ஒரு குட்டிக் காந்தம். அதன் தற்சுழற்சியைத் தலைகீழாகத் திருப்ப ஆகும் ஆற்றலும், ஒரு லாண்டாவ் மட்டம் ஏற ஆகும் ஆற்றலும் டிராக்கின் சமன்பாட்டின்படி மிகச் சரியாக ஒன்று. நிஜத்தில் அவை ஒன்றல்ல. ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கிறது. எலெக்ட்ரான் தன்னைச் சுற்றிக் கணநேரம் தோன்றி மறையும் ஃபோட்டான்களோடு இடைவிடாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துவதால் வருவது இந்த வித்தியாசம். ஷ்விங்கர் 1948-ல் அதைக் கணக்கிட்டார். விடை 0.00116. பாஸ்டனை ஒட்டிய மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் அந்தச் சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள். கேப்ரியல்ஸ் குழு, பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, 2023-ல் வெளியிட்ட அளவு 1.00115965218059. கோட்பாட்டுக் கணக்கோடு இது ஒத்துப்போகும் துல்லியம் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்கு. மனிதர் கண்ட வேறெந்தக் கோட்பாட்டுக்கும் இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததில்லை.

அந்தக் கோட்பாட்டின் பெயர் குவாண்டம் மின்னியக்கவியல். ஆனால் மேலே சொன்ன சான்றிதழ் ஐந்து டெஸ்லாவில் வாங்கியது. அதாவது மாறுநிலைப் புலத்தில் கிட்டத்தட்ட நூறு கோடியில் ஒரு பங்கில். வலுவான புலத்தில் இதே கோட்பாடு சொல்லும் விஷயங்கள் வேறு ரகம்.

புலத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். எலெக்ட்ரானின் வட்டம் சுருங்குகிறது. சுமார் 235 கோடி காஸில் அந்த வட்டமும் ஹைட்ரஜன் அணுவும் ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. அதற்கு மேல் அணுக்கருவின் ஈர்ப்பைவிடக் காந்தப்புலத்தின் பிடிதான் பெரிது. ஒரு லட்சம் கோடி காஸில் அணு பக்கவாட்டில் இருபதில் ஒரு பங்காக ஒடுங்கி, புலத்தின் திசையில் நீண்டு, ஊசி வடிவம் எடுக்கிறது. ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க நமக்கு 13.6 எலெக்ட்ரான் வோல்ட் போதும். அங்கே ஏறத்தாழ 160 வேண்டும். பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் தனிம அட்டவணை அங்கே செல்லாது.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 1976 மே மாதம் டெக்சாஸிலிருந்து பறக்கவிட்ட பலூன் ஒன்றில் யோஆகிம் ட்ரூம்பரின் ஜெர்மன் குழு எக்ஸ் கதிர்க் கருவி ஒன்றை அனுப்பியது. ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீனின் நிறமாலையில் விளக்கம் தெரியாத ஒரு வடு தென்பட்டது. முதலில் அதை 58 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒளிரும் கோடு என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது 40-ஐ ஒட்டி ஒளி உறிஞ்சப்படும் பள்ளம் என்று பிறகு தெரிந்தது. விண்மீனின் எலெக்ட்ரான்கள் ஒரு லாண்டாவ் மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது விழுங்கிய ஒளிதான் அந்தப் பள்ளம். ஒரு லட்சம் கோடி காஸுக்கு 11.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்பது கணக்கு. வகுத்துப் பாருங்கள், மூன்று லட்சம் கோடி காஸுக்கு மேல் வரும். ஒரு நியூட்ரான் விண்மீனின் புலத்தை நேரடியாக அளந்தது அதுவே முதல் முறை. ஹார்வர்டின் பொறியில் ஒற்றை எலெக்ட்ரான் செய்ததை, அங்கே ஒரு விண்மீனே செய்துகொண்டிருந்தது.

இப்போது 44 லட்சம் கோடி. ஒரு லாண்டாவ் மட்டம் ஏற ஆகும் ஆற்றல், சார்பியல் திருத்தம் சேர்க்காத கணக்கில், எலெக்ட்ரானின் ஓய்வு ஆற்றலான 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தொட்டுவிடும் இடம் இதுதான். வட்டமடிப்பதற்கு ஆகும் செலவு, புதிதாக ஓர் எலெக்ட்ரானை உண்டாக்கும் செலவுக்குச் சமமாகிவிட்டது. அப்படியானால் வெற்றிடம் உடைந்து எலெக்ட்ரான்களும் அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களும் கொட்டுமா?

கொட்டாது. பலர் இந்த இடத்தில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். மீட்டருக்கு 13,000 கோடி கோடி வோல்ட் என்ற மின்புலம் இருந்தால் வெற்றிடம் உடைந்து துகள் ஜோடிகள் பிறக்கும். மின்புலம் எதிரெதிர் மின்னூட்டங்களை இழுத்துப் பிரித்து வேலை செய்கிறது. காந்தப்புலம் வேலை செய்யாது, திசையை மட்டும் திருப்பும். அதோடு, கீழ் லாண்டாவ் மட்டத்தில் சுழற்சிக்கான செலவும் தற்சுழற்சியால் கிடைக்கும் வரவும் ஒன்றையொன்று தீர்த்துவிடுவதால், அந்த மட்டத்தின் ஆற்றல் புலம் எவ்வளவு ஏறினாலும் ஏறத்தாழ அதே 511-தான். எனவே தனியாக விட்டால் காந்தப்புலம் வெற்றிடத்தை உடைக்காது. ஒளி உள்ளே வந்தால்தான் கதை மாறும்.

ஒளியைப் பற்றிய அந்தக் கணக்கை முடித்தவர்கள் லைப்சிக் நகரில் வெர்னர் ஹைசன்பர்க்கும் அவருடைய மாணவர் ஹான்ஸ் ஆய்லரும், 1936-ல். வெற்றிடத்தில் எலெக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடிகள் கணநேரம் தோன்றி மறைகின்றன என்று டிராக்கின் கோட்பாடு சொன்னது. அந்த ஜோடிகளும் காந்தப்புலத்தை உணரும். ஆகவே அந்த வழியே போகும் ஒளி, ஒன்றுமில்லாத இடத்தைக் கடப்பதுபோல் கடக்காது, ஒரு படிகத்தைக் கடப்பதுபோல் கடக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த நாளில் எந்தப் பரிசோதனையும் இதன் அருகில்கூட வர முடியாது. ஆய்லர் 1941-ல் அசோவ் கடல் மேல் சென்ற ஜெர்மன் விமானத்தோடு போனவர், திரும்பவில்லை. அவருக்கு வயது 31.

படிகம் என்றால் எப்படி? கால்சைட் கல்லை எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். ஒளி அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேகம் மாறுவதால் வரும் விளைவு அது. பெயர் இரட்டை ஒளிவிலகல். காந்தப்புலம் உள்ள வெற்றிடமும் ஒளியை அப்படித்தான் நடத்தும். ஒரு தளத்தில் அதிரும் ஒளியின் தாமதத்துக்கும் மற்றொன்றின் தாமதத்துக்கும் விகிதம் 7-க்கு 4.

இங்கே ஒரு நிதானம் தேவை. மாறுநிலைப் புலத்தில் வெற்றிடம் பயங்கரமான ஊடகம் ஆகிவிடும் என்று படிக்கிறோம். கணக்குப் போட்டால் அதன் ஒளிவிலகல் எண் 1.0002-ஐக்கூடத் தொடுவதில்லை. நாம் மூச்சுவிடும் காற்றுக்கு 1.0003. ஆக, மாறுநிலைப் புலத்தில் இருக்கும் வெற்றிடம் நம் வீட்டுக் காற்றைவிட லேசான ஊடகம்தான். விளைவு பெரிதாவதற்குக் காரணம் தூரம். இரண்டு தளங்களுக்கும் வித்தியாசம் லட்சத்தில் எட்டு பங்கு என்றால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஓர் அலை மற்றதைவிட ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் பின்தங்கிவிடும்.

பூமியில் கிலோமீட்டர்க் கணக்கில் புலம் இல்லை. இத்தாலியில் பிவிலாஸ் என்ற குழு இரண்டரை டெஸ்லா காந்தத்தைச் சுழலவிட்டு, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லேசர் ஒளியை லட்சக்கணக்கான முறை ஓடவிட்டு இதைத் தேடியது. தேட வேண்டிய அளவு, ஒன்றில் 23 தசம இடங்கள் தள்ளி வரும் மாற்றம். 2006-ல் அவர்கள் எதிர்பாராத ஒரு சமிக்ஞையை அறிவித்தார்கள். புதிய துகள் என்று உலகமே பரபரத்தது, கட்டுரைகள் குவிந்தன. அடுத்த ஆண்டு கருவியைச் செப்பனிட்டுப் பார்த்தபோது சமிக்ஞை காணாமல் போனது. அதை மறைக்காமல் அவர்களே வெளியிட்டதற்காக அந்தக் குழுவை மெச்ச வேண்டும். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் முடிவில் 2020-ல் அறிக்கை வந்தது. கோட்பாடு சொல்லும் அளவை எட்ட இன்னும் பல மடங்கு துல்லியம் தேவை.

இயற்கையே கட்டிவைத்த ஆய்வுக்கூடம் 1979 மார்ச் 5 அன்று தன்னைத் தெரியப்படுத்தியது. வெள்ளிக் கோளுக்கு இறங்குகலன்களை அனுப்பிவிட்டு சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த வெனேரா 11, 12 என்ற சோவியத் விண்கலங்களில், நொடிக்கு 100 என்று இருந்த காமா கதிர் எண்ணிக்கை ஒரு மில்லி நொடிக்குள் 2 லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பின் மூன்று நிமிடங்கள், எட்டு நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் துடிப்பு. மூலம் பெரிய மெகல்லன் மேகத்தில், வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சத்துக்குள் இருந்தது. இவ்வளவு இளம் நியூட்ரான் விண்மீன் எட்டு நொடிக்கு ஒரு சுற்று என்று தளர்ந்திருப்பது புதிர். நண்டு நெபுலாவில் இருப்பது நொடிக்கு முப்பது முறை சுற்றுகிறது. 1992-ல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் சொன்ன பதில்: அசுரக் காந்தப்புலம்தான் பிரேக் போடுகிறது. இத்தகைய விண்மீன்களுக்கு மேக்னடார் என்ற பெயரும் அவர்கள் வைத்ததே. 1998-ல் கிரிசா கூவெலியோட்டூ குழு எஸ்.ஜி.ஆர். 1806-20 என்ற விண்மீனின் சுழற்சி குறையும் வேகத்தை அளந்தது. விடை 800 லட்சம் கோடி காஸ். நம் எல்லையைப்போல 18 மடங்கு.

இதே விண்மீன் 2004 டிசம்பர் 27-ல் வெடித்த ஒளி பூமியின் அயனி மண்டலத்தையே கலக்கியது. சுனாமிக்கு மறுநாள் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. இந்திய நேரப்படி அந்த ஒளி வந்து சேர்ந்தது 28-ந்தேதி அதிகாலை 3 மணிக்கு. கடல் பொங்கியது 26-ந்தேதி காலையில். பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

இப்படிப்பட்ட புலத்துக்குள் நுழையும் காமா ஃபோட்டான் ஒன்று தனியாகவே எலெக்ட்ரானாகவும் பாசிட்ரானாகவும் மாறிவிடும். சாதாரண வெற்றிடத்தில் உந்தக் கணக்கு ஒத்துவராததால் இது நடக்காது. இங்கே மிச்ச உந்தத்தைப் புலம் ஏற்றுக்கொள்கிறது. பிறந்த ஜோடி மேல் லாண்டாவ் மட்டங்களிலிருந்து கீழே விழும்போது புதிய ஃபோட்டான்களை உமிழும். அவை மறுபடி ஜோடியாகும். துடித்துச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களான பல்சர்களைச் சுற்றி மின்னூட்டத் துகள்கள் நிரம்பியிருப்பது இந்தத் தொடர் பிரசவத்தால்தான் என்று பீட்டர் ஸ்டரக் 1971-ல் எழுதினார். அந்த அடிப்படை இன்றும் நிற்கிறது.

இனி கம்பியும் மணியும். மேக்னடாரின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் புலக்கோட்டின் திசையில் மட்டுமே எளிதாக அசைய முடியும். அதனால் அந்தத் திசையில் அதிரும் ஒளி அவற்றில் மோதிச் சிதறும். குறுக்கே அதிரும் ஒளியால் அவற்றை அசைக்க முடியாது, எனவே ஆழத்திலிருந்து தப்பி வெளியே வரும். விண்மீனை விட்டுக் கிளம்பும்போதே ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. தளவிளைவு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், விண்மீன் உருண்டை. புலத்தின் திசை இடத்துக்கு இடம் மாறும். எல்லாத் திசைகளும் கலந்து நம்மிடம் வரும்போது தளவிளைவு பெருமளவு அழிந்துபோக வேண்டும். வெற்றிடம் படிகமாக நடந்துகொண்டால் அழியாது. ஒளியின் அதிர்வுத் தளம் போகும் வழியெல்லாம் புலத்தின் திசையைப் பின்பற்றித் திரும்பிக்கொண்டே வரும். விண்மீனுக்கு வெகுதொலைவில், புலம் ஒரே சீராக இருக்கும் இடத்தில்தான் அது விடுபடும். ஜெரமி ஹெய்லும் நிர் ஷவீவும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை எடுத்துச் சொன்னார்கள்.

சிலியில் உள்ள மிகப்பெரிய தொலைநோக்கியில் ரோபெர்டோ மின்யானி குழு, 400 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆர்.எக்ஸ். ஜே1856 என்ற மங்கலான நியூட்ரான் விண்மீனைப் பார்த்து 16 சதவீதத் தளவிளைவை அறிவித்தது. பிழை வரம்போ 5 சதவீதம். ஐக்ஸ்பி என்ற எக்ஸ் கதிர் விண்கலம் 2022-ல் 4யூ 0142+61 என்ற மேக்னடாரைப் பார்த்தபோது குறைந்த ஆற்றலில் 15 சதவீதம், அதிக ஆற்றலில் 35 சதவீதம், இரண்டுக்கும் நடுவே அதிர்வுத் தளம் 90 டிகிரி திரும்பியிருந்தது. கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது. ஆனால் மேற்பரப்பு திடமா, மேலே வளிமண்டலம் உண்டா, சுற்றியுள்ள துகள்கள் ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்ற அனுமானங்களை மாற்றினால் வேறு விளக்கங்களுக்கும் இடம் இருக்கிறது. ஐக்ஸ்பி பார்ப்பது 2 முதல் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை. அதற்கு மேல், 8 முதல் 30 வரை, தளவிளைவை அளக்கும் போலிக்ஸ் கருவியை பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் கட்டியது. 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் அதைச் சுமந்து சென்றது.

ஆகவே இன்றைய நிலை இது: லட்சம் கோடியில் ஒரு பங்குவரை சரிபார்த்த ஒரு கோட்பாடு, வலுவான காந்தப்புலம் என்ற மூலையில் மட்டும் இன்னும் சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்துத்தான் வழக்காடுகிறது. சாட்சியங்கள் எல்லாம் அதன் பக்கம்தான்; தீர்ப்பு வரவில்லை. வெற்றிடத்தின் இரட்டை ஒளிவிலகல் நிரூபணமாகிவிட்டது என்று அடுத்த முறை செய்தித்தாளில் படித்தால், முதலில் பிழை வரம்பு எத்தனை என்று பாருங்கள். அடுத்து, விண்மீனின் மேற்பரப்பைப் பற்றி அவர்கள் என்ன அனுமானித்தார்கள் என்று தேடுங்கள்.